‘கவனிக்கவே மாட்டேங்கிறான்’: பள்ளி உளவியலாளருக்கு மூளையைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

டெல்லி மந்திர் மார்க். பிர்லா மந்திருக்கும் காளிபாரிக்கும் பெயர் போன சாலை. தலைநகர்த் தமிழர்களுக்கு அது வேறொரு காரணத்துக்காகவும் பழக்கம். 1923-ல் மதராஸி கல்விச் சங்கமாகத் தொடங்கி, இன்று 7 பள்ளிகளை நடத்தும் டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இங்கேதான் இருக்கிறது. இந்தப் பகுதியில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தை அம்மாவிடம் தமிழில் பேசும், ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேசும், வகுப்பில் ஆங்கிலத்தில் பதில் சொல்லும். மூன்றுமே அதற்கு இயல்பு.

இந்தச் சாலையில் இருக்கும் ஏதோ ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பில், அப்படி ஒரு குழந்தைக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். “கவனிக்கவே மாட்டேங்கிறான்” என்கிறார் ஆசிரியர். “வீட்டில நல்லாத்தானே பேசுறான்” என்கிறார் அம்மா. “நானும் சின்ன வயசுல அப்படித்தான்” என்கிறார் அப்பா. மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மூன்று உண்மைகளையும் சேர்த்துப் பார்த்து, ‘இது கண் பிரச்னையா, காது பிரச்னையா, மொழிப் பிரச்னையா, மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கும் வேறுபாடா?’ என்று கேட்க வேண்டிய ஆள் யார்?

அந்த ஆள் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். 2025 ஜூலை 25 அன்று மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் அது வகுத்த வழிகாட்டுதல்களில் ஒன்று இது: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனம், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். அதாவது, நாற்காலி போட்டாகிவிட்டது. அதில் உட்காருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இனி பேச வேண்டியது.

மனநலம் தெரிந்தால் போதாதா?

பரீட்சை பயம், நண்பர்களின் கேலி, வீட்டுச் சண்டை இவற்றைக் கையாள நல்ல ஆலோசகர் போதும். ஆனால் பள்ளியில் ‘பிரச்னைக்குரிய பிள்ளை’ என்று பெயர் வாங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மனசு பிரச்னை இல்லை.

ஆப்சென்ஸ் வலிப்பு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். குழந்தை கீழே விழாது, கை கால் இழுக்காது, வாயில் நுரை வராது. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போதே சில நொடிகள் அப்படியே உறைந்து நிற்கும். கண் வெறித்திருக்கும், சில நேரம் இமை துடிக்கும். பிறகு எதுவும் நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் இது பல முறை வரலாம். வகுப்பில் ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும்? ‘பகல் கனவு காண்கிறான்’. ஒவ்வொரு முறையும் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போகும். அந்தக் குழந்தைக்கு ‘கவனம் செலுத்துவது எப்படி’ என்று பத்து வாரம் கவுன்சலிங் கொடுத்தாலும் பலன் இருக்காது. தேவை ஒரு இ.இ.ஜி. பரிசோதனையும், நரம்பியல் மருத்துவரும், மருந்தும்தான்.

இன்னொன்று, தலையில் அடி. மாடிப்படியில் விழுந்த 4 வயதுக் குழந்தை மருத்துவமனையிலிருந்து நலமாகத் திரும்பி, 5 வயதில் எல்லாரையும் போலப் பள்ளிக்குப் போகலாம். ‘சின்ன மூளை, தானே சரியாகிடும்’ என்று நாம் நம்புவோம். பல நேரம் சரியாகவும் செய்யும். ஆனால் திட்டமிடுதல், அவசரத்தை அடக்குதல், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்திருத்தல் போன்ற திறன்கள் முழு வேகத்தில் தேவைப்படுவதே ஆறாம், ஏழாம் வகுப்புக்குப் பிறகுதான். பழைய காயத்தின் தாக்கம் அப்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் அந்த விழுந்த கதையை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வரும் குழந்தைகளும் இப்படித்தான். உயிரைக் காத்த அதே சிகிச்சை, சிலருக்கு மூளை தகவலைக் கையாளும் வேகத்தைக் குறைக்கிறது. பதில் தெரியும், ஆனால் நேரம் போதாது. மதிப்பெண் பட்டியலில் அது ‘தெரியவில்லை’ என்றுதான் பதிவாகும்.

குழந்தைகளுக்கான நரம்பு உளவியல், அதாவது சைல்ட் நியூரோசைக்காலஜி, நுழைவது இங்கேதான். வளரும் மூளைக்கும் நடத்தைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பைப் படிக்கும் துறை அது. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படைக் கேள்வி எளிமையானது: ஒரே தவறுக்குப் பின்னால் எத்தனை வேறு வேறு காரணங்கள் இருக்க முடியும்?

கரும்பலகையைப் பார்த்து எழுத ஒரு குழந்தை திணறுகிறது. தூரத்தில் இருப்பது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், பார்த்த வரியை நோட்டுக்குக் கண்ணைக் கொண்டுவரும்வரை மனதில் பிடித்து வைக்க முடியாமல் இருக்கலாம். பிடித்து வைத்தாலும் விரல்கள் ஒத்துழைக்காமல் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும், பக்கத்து வரியில் கண் வழுக்கலாம். கண் பிரச்னை என்றால் கண்ணாடி போடலாம், முன் வரிசையில் உட்கார வைக்கலாம். நினைவில் பிடிக்க முடியாத குழந்தைக்கு முன் வரிசையால் ஒரு பயனும் இல்லை; அச்சடித்த குறிப்பைக் கையில் கொடுக்க வேண்டும். விரல் பிரச்னை என்றால் தொழில்முறை சிகிச்சையாளரிடம் அனுப்ப வேண்டும். வெளியே தெரிந்தது ஒரே தவறுதான்.

இது எத்தனை குழந்தைகளைப் பற்றிய பேச்சு? டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்க்ளென் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், நாட்டின் 5 பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கணித்தது. செவித்திறன், பார்வைக் குறைபாடுகளும் அந்தக் கணக்கில் அடக்கம். 40 பேர் இருக்கும் வகுப்பில் 5 பேர்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில், நாம் பொதுவாக டிஸ்லெக்ஸியா என்றோ ‘எல்.டி.’ என்றோ சொல்லும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. இதை எப்படிக் கண்டறிந்து சான்றிதழ் தருவது என்று 2018 ஜனவரியில் மத்திய அரசு அரசிதழில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்றாம் வகுப்பில், அல்லது 8 வயதில், பள்ளி முதலில் சல்லடை போட வேண்டும். சந்தேகம் வந்தால் மருத்துவமனை. அங்கே குழந்தை மருத்துவர் நரம்பியல், பார்வை, செவி எல்லாம் பார்ப்பார். பிறகு உளவியலாளர் ஐ.கியூ. பரிசோதனை செய்வார். அது 85-க்கு மேல் இருந்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைத் தொகுப்பு. சான்றிதழ் 8 வயதில் ஒரு முறை, 14-ல் மறுபடி, 18-ல் மறுபடி. (2024-ல் இந்த வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன. சான்றிதழுக்காகப் போகிறீர்கள் என்றால் தற்போதைய நடைமுறையை மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.)

அந்தத் தாளின் மதிப்பு சாதாரணமல்ல. சி.பி.எஸ்.இ. தேர்வில் 3 மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக 1 மணி நேரம், தேவைப்பட்டால் எழுதித் தர ஆள், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு என்று பல சலுகைகள் அதைப் பொறுத்தவை. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டால் உயர்கல்வி, அரசு வேலை இட ஒதுக்கீடு வரை அது பேசும்.

ஆனால் இந்த வழிமுறையில் இரண்டு ஓட்டைகள். நிம்ஹான்ஸ் தொகுப்புக்கு இரண்டு நிலைகள் உண்டு: 5 முதல் 7 வயது, 8 முதல் 12 வயது. அதோடு முடிகிறது. 14-லும் 18-லும் மறுபரிசோதனை வேண்டும் என்று விதி எழுதியவர்கள், கையில் இருக்கும் அளவுகோல் 12-லேயே முடிந்துவிடுகிறது என்பதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது ஆச்சரியம்தான்.

இரண்டாவது ஓட்டையில் விழுவது குழந்தைகள். ஐ.கியூ. 70-க்குக் கீழே இருந்தால் அறிவுசார் குறைபாடு என்று ஒரு வழி இருக்கிறது. 85-க்கு மேலே இருந்தால் கற்றல் குறைபாடு என்று ஒரு வழி. 78 வந்த குழந்தை? எந்தச் சான்றிதழும் இல்லை. ‘ஸ்லோ லேர்னர்’ என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சும். இவ்வளவையும் தீர்மானிக்கும் அந்த ஐ.கியூ. எண் எதிலிருந்து வருகிறது? வழிகாட்டுதல் பெயர் சொல்லும் அளவுகோல்களில் ஒன்று, 1969-ல் நாக்பூரில் மாலின் உருவாக்கிய இந்தியத் தழுவல். அரை நூற்றாண்டுக்கு முந்தைய குழந்தைகளோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டு ஒரு கோட்டைக் கிழித்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறோம். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது, அதன் கீழே இருக்கும் துணைப் பரிசோதனைகளில் எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி.

தமிழ்க் குழந்தையை எந்த மொழியில் சோதிப்பது?

மந்திர் மார்க்கிலிருந்து ராம் மனோகர் லோகியா மருத்துவமனை தொலைவில் இல்லை. கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையும் பக்கத்தில்தான். ஆட்டோ ஏறினால் சில நிமிடம். டெல்லியில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து சோதிப்பவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது என்றால் அந்தக் குழந்தையின் பிழைகளை அவர் எப்படிப் படிப்பார்?

இந்தியில் ‘பாட்டு’ என்பதற்கும் ‘சாப்பாடு’ என்பதற்கும் உள்ள சொற்கள் முதல் ஒலியில் மட்டும் வேறுபடும். இரண்டையும் இங்கே எழுதிக் காட்டலாம் என்றால், தமிழ் எழுத்தில் இரண்டுமே ‘கானா’தான்! நமக்கு ஒரே ஒரு ‘க’. கடலில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும், ஆனால் எழுத்து ஒன்று. இடத்தைப் பார்த்து ஒலியை நாமே மாற்றிக்கொள்வோம். இந்திக்கு அந்த வரிசையில் நான்கு எழுத்துகள். தமிழ் வீட்டிலிருந்து வரும் குழந்தை இந்தி டிக்டேஷனில் அந்த நான்கையும் குழப்பினால், அது பெரும்பாலும் முதல் மொழி தரும் பழக்கம். தமிழ் தெரியாத பரிசோதகருக்கோ அது ‘ஒலிகளைப் பிரித்தறிவதில் குறைபாடு’. டிஸ்லெக்ஸியாவின் முக்கிய அடையாளமே அதுதான் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். ‘வீட்டில் தமிழ், இங்கே இந்தி, அதான் குழப்பம், போகப் போகச் சரியாகிடும்’ என்று சொல்லிச் சொல்லியே உண்மையான டிஸ்லெக்ஸியாவை ஏழாம் வகுப்பு வரை தள்ளிப்போடுவார்கள். இதுதான் இன்னும் மோசம். இரண்டையும் பிரிக்க ஒரு நடைமுறைக் குறிப்பு உண்டு: உண்மையான டிஸ்லெக்ஸியா ஒரு மொழியோடு நிற்பதில்லை. குழந்தை படிக்கக் கற்ற எல்லா மொழிகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் தலைகாட்டும். ஆங்கிலத்தில் பிழையாகத் தெரிவது, எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கமான உறவுள்ள நம் மொழிகளில் பிழையாகத் தெரியாமல் வேகக்குறைவாகத் தெரியலாம். எழுத்தைக் கூட்டிச் சரியாகவே படிக்கும், ஆனால் ஒரு பத்தியை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் குழந்தைக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் பார்த்த பிறகே தீர்ப்பு.

‘இந்த வயதுக்கு இவ்வளவு எழுத்து தெரிந்திருக்க வேண்டும்’ என்ற கணக்கும் மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலக் குழந்தைக்கு 26. நமக்கு 247. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்து முறைகளில் எழுத்துகளை முழுவதும் வசப்படுத்துவது நான்காம் வகுப்பைத் தாண்டியும் நீள்கிறது என்று காட்டியிருக்கிறார். முதல் வகுப்பில் எழுத்து முடிந்துவிடும் என்று எண்ணும் மேலைநாட்டு அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால், நம் பிள்ளைகள் பாதிப் பேர் ‘பின்தங்கியவர்கள்’.

எழுத்தே இல்லாத பரிசோதனையில்கூட மொழி ஒளிந்திருக்கும். எண்களைச் சொல்லி, கேட்ட வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வது நினைவாற்றலை அளக்கும் ரொம்பப் பழைய முறை. இந்தியில் ஏக், தோ, தீன், சார் என்று ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாமே ஓர் அசை. தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எல்லாமே இரண்டு அசை, ஒம்பதுக்கு மூன்று. சொல்ல நேரம் கூடினால் மனதில் நிற்கும் எண்ணிக்கை குறையும். பிரிட்டனில் இதைத் தெளிவாகவே பார்த்தார்கள். வெல்ஷ் மொழி எண்களைச் சொல்ல ஆங்கில எண்களைவிட நேரமாகும். இரண்டு மொழியும் பேசுபவர்களுக்கே வெல்ஷில் நினைவு அளவு குறைவாக வருகிறது என்று எல்லிஸ், ஹென்னெல்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1980-ல் எழுதினார்கள். குழந்தையின் மூளை அதேதான், எண்ணின் நீளம்தான் வேறு. இந்தியில் எடுத்த சராசரியை வைத்துத் தமிழில் சோதித்த குழந்தைக்கு ‘வொர்க்கிங் மெமரி குறைவு’ என்று அறிக்கை எழுதினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நரம்பு உளவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசைக்காரர், ரஷ்யாவின் அலெக்சாண்டர் லூரியா. அவரே 1931-லும் 1932-லும் உஸ்பெகிஸ்தானுக்குப் போய், பள்ளிக்கே போகாத விவசாயிகளிடம் இதே பாடத்தைக் கற்றார். பொருட்களை வகை பிரிக்கச் சொன்னால் அவர்கள் பயன்பாட்டை வைத்துச் சேர்த்தார்கள், பள்ளிக்கூடப் பாணியில் பிரிக்கவில்லை. அறிவு இல்லாததால் அல்ல. கேள்வியே பள்ளிக்கூடத்து வழக்கத்தில் கேட்கப்பட்டதால்.

நம் நாட்டில் வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘டாலி’ என்ற டிஸ்லெக்ஸியா பரிசோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய 4 மொழிகளில் வந்தது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காமல் அந்தந்த மொழியின் எழுத்து முறையிலிருந்தே கட்டிய கருவி என்பதுதான் அதன் சிறப்பு. நிம்ஹான்ஸ் 2004-ல் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கான நரம்பு உளவியல் தொகுப்பை வெளியிட்டது. அந்தத் தரவில் தெரிந்த ஒன்று பள்ளிகளுக்கு முக்கியம்: இந்தத் திறன்கள் 5 முதல் 7 வயதில் வேகமாகவும், 8 முதல் 12 வரை மிதமாகவும், அதற்குப் பிறகு மெதுவாகவும் வளர்கின்றன. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 5 வயது 2 மாதக் குழந்தையையும் 5 வயது 11 மாதக் குழந்தையையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் பல ஆண்டுகளாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் ‘பிரசஸ்த்’ செயலி, ஆசிரியரே 21 வகைக் குறைபாடுகளுக்கும் முதல்கட்டச் சல்லடை போட உதவுகிறது.

சல்லடை இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. நடுவில் ஆள்?

யார் பயிற்சி தருகிறார்கள்?

இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992-ன் கீழ் பதிவு செய்யும் தொழில்முறையாளர்கள் 16 வகை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உண்டு, சிறப்பு ஆசிரியர் உண்டு, பேச்சுப் பயிற்சியாளர் உண்டு. ‘பள்ளி உளவியலாளர்’ என்று ஒரு வகை இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மற்ற உளவியலாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதிலும் பள்ளிக்கென்று தனிப் பெயர் கிடையாது.

பள்ளி ஆலோசகராக விரும்புபவர்களுக்கு என்.சி.இ.ஆர்.டி. ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறது: 6 மாதம் தொலைநிலை, 3 மாதம் நேரடி வகுப்பு, 3 மாதம் களப் பயிற்சி. வழிகாட்டுதலுக்கும் ஆலோசனைக்கும் நல்ல படிப்பு. நரம்பு உளவியல் அதன் இலக்கு அல்ல. மறுபக்கம், 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜியில் அது உண்டு. ஆனால் அந்தப் பயிற்சி மருத்துவமனை வார்டில் நடக்கிறது. நிம்ஹான்ஸிலோ, டெல்லி தில்ஷாத் கார்டனின் இபாஸிலோ படித்து வருபவர்களை மருத்துவமனைகளும் தனியார் கிளினிக்குகளும் கொத்திக்கொண்டு போய்விடும். பள்ளிச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்? எம்.ஃபில். பட்டமும் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு விடைபெறுகிறது. அதற்குப் பதிலாக பி.எஸ்சி. ஆனர்ஸ், எம்.ஏ. என்று புதிய பாதையை மறுவாழ்வு கவுன்சில் போட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கென ஒரு கிளையை வைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அமெரிக்காவில் இந்த வாக்குவாதம் 40 ஆண்டுப் பழசு. உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் சிக்கலைப் பார்ப்பது அங்கே 1896-லேயே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் திறந்த கிளினிக்கில் தொடங்கிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் பள்ளி உளவியலாளர்களுக்கு நரம்பு உளவியலும் தெரிய வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1990-ல் சிறப்புக் கல்விச் சட்டத்தில் ‘மூளைக் காயம்’ தனிப் பிரிவாகச் சேர்ந்ததும், பள்ளிகளுக்கு வேறு வழியில்லாமல் போனது. உடனே பயிற்சி வகுப்புகள் முளைத்தன. மறுபக்கம் நரம்பு உளவியலாளர்கள் எதிர்த்தார்கள். 1997-ல் ஹூஸ்டனில் கூடிய மாநாடு, முனைவர் பட்டத்துக்குப் பிறகும் 2 ஆண்டு மேற்பார்வைப் பயிற்சி வேண்டும் என்று கோட்டை உயர்த்தியது. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆறு வார இறுதி வகுப்பு முடித்தவர் குழந்தையின் மூளையைப் பற்றி அறிக்கை எழுதுவது ஆபத்து. அதே நேரம், எல்லாக் குழந்தையும் நிபுணரைப் பார்க்கும்வரை காத்திருக்கட்டும் என்பதும் ஒரு முடிவுதான். விலை கொடுப்பது குழந்தை.

அப்படியென்றால் எவ்வளவு போதும்?

இந்தியாவில் பள்ளி உளவியலாளர் நோயைக் கண்டறிய வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. அவர் சரியான கேள்வியோடு குழந்தையை அனுப்பி, திரும்பி வரும் அறிக்கையை வகுப்பறைக்குப் புரியவைத்தால் போதும். சொல்லும்போது சிறிய வேலையாகத் தெரியும். செய்ய நிறையப் படிக்க வேண்டும்.

பிறப்பு வரலாறு கேட்கத் தெரிய வேண்டும்: எத்தனை வாரத்தில் பிறந்தது, இன்குபேட்டரில் இருந்ததா, காய்ச்சலில் வலிப்பு வந்ததா, எப்போதாவது விழுந்து மயங்கியதா, தூக்கத்தில் குறட்டை விடுகிறதா. டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் படிக்கத் தெரிய வேண்டும். சில வலிப்பு மருந்துகளே குழந்தையை மந்தமாக்கும். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, குழந்தை எத்தனை முறை, எந்த நேரத்தில் கவனம் சிதறுகிறது என்று குறிக்கத் தெரிய வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் சிதறினால் அது கவனக் குறைபாடாக இருக்க வாய்ப்பு குறைவு. முக்கியமாக, ஓர் ஆண்டாவது ஒரு மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் பிரிவிலும் ஒரு பள்ளியிலும் மாறி மாறி, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து வர முடியாது. குழந்தையின் வீட்டு மொழி தெரியாவிட்டால், தெரிந்தவரை பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கவும் பழகியிருக்க வேண்டும். டெல்லியில் தமிழ் தெரிந்த ஆசிரியர்களுக்குக் குறைவா என்ன?

‘மூளை’ என்ற பெயரில் வரும் வியாபாரிகளை வாசலிலேயே நிறுத்தும் தைரியமும் பாடத்திட்டத்தில் வேண்டும். விரல் ரேகையை ஸ்கேன் செய்து குழந்தையின் பிறவித் திறமையைச் சொல்கிறோம் என்று வருவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ என்பார்கள். வலது மூளைப் பிள்ளை, இடது மூளைப் பிள்ளை என்று வண்ண வண்ண ரிப்போர்ட் கொடுப்பார்கள். இவை எதற்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. ஐ.டி. வேலையில் இருக்கும், தரவு என்றால் என்ன என்று தெரிந்த நம்மில் பலரே இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறோம் என்பதுதான் வேதனை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால்?

முதலில் கண், காது. இதைத் தாண்டாமல் எந்த உளவியல் பரிசோதனைக்கும் போகாதீர்கள். பரிசோதனை செய்பவரிடம் மறுவாழ்வு கவுன்சிலின் சி.ஆர்.ஆர். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்லவர்கள் அறிக்கையிலேயே அதை எழுதியிருப்பார்கள். எந்த மொழியில் சோதித்தார்கள், எந்தக் குழந்தைகளின் சராசரியோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். அறிக்கையில் ஒரே ஒரு ஐ.கியூ. எண் மட்டும் இருந்தால், துணை மதிப்பெண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

போகும்போது பழைய நோட்டுகளை எடுத்துப் போங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியவை. சுத்தமாகத் திருத்திய நோட்டு வேண்டாம், அடித்தல் திருத்தல் இருக்கும் ரஃப் நோட்டுதான் பேசும். பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதையும். குழந்தை நடுநடுவே வெறித்துப் பார்ப்பதாக ஆசிரியர் சொன்னால், அடுத்த முறை வீட்டில் அப்படி நடக்கும்போது கூப்பிட்டு உலுக்குவதற்கு முன் போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். எத்தனை நொடி நீடித்தது, கூப்பிட்டபோது திரும்பினானா, இமை துடித்ததா என்பதெல்லாம் அதில் தெரியும். நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.